பட்டினி கிடந்த பிள்ளைக்கு முதல் உணவு

இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பது எப்படி என்று எமது மக்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பாடசாலை மண்டபத்திலோ கோயில் வளவிலோ சனம் வந்து இறங்கிய அன்றே மூன்று கல்லை வைத்து, பெரிய கிடாரத்தில் கஞ்சி ஏற்றிவிடுவோம். வரிசையில் எலும்பும் தோலுமாக ஒரு பிள்ளையைக் கண்டால் அகப்பையில் இன்னும் கொஞ்சம் அள்ளி ஊற்றுவோம். "குடி மோனை, வயிறு நிறையக் குடி" என்போம். யாரோ ஒருவர் சீனி கூடப் போட்ட தேத்தண்ணியும் பிஸ்கற்றும் கொண்டுவந்து அதன் கையில் திணிப்பார். நாமும் அப்படி நின்று அள்ளி ஊற்றியவர்கள்தான். பல கிழமைகளாகச் சரியான உணவின்றி உருக்குலைந்துபோன ஒரு பிள்ளைக்கு அந்த நிறைந்த கோப்பையே ஆபத்தாக முடியலாம் என்பதை அப்போது நாம் அறிந்திருக்கவில்லை.

பசி கொல்லும் என்பது எல்லோருக்கும் தெரியும். பசி தீர்க்கப் போட்ட சோறு கொல்லும் என்றால் யார் நம்புவார்? ஆனாலும் இது வைத்திய உலகம் நன்கு அறிந்த உண்மை. இதற்குக் காரணமாக இருப்பவற்றுள் முக்கியமானது, கமக்காரராகிய எமக்குப் பசளைப் பையில் பழக்கமான ஒரு பொருள்: பொசுபேற்று. கடுமையான மந்தபோசணைக்கு உள்ளான பிள்ளையின் இரத்தத்தில் பொசுபேற்று திடீரென்று குறைந்துபோவதைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஒருநாள் இரண்டுநாள் சாப்பிடாமல் வந்த பிள்ளையைப் பற்றியோ, சாதாரணமாக மெலிந்த பிள்ளையைப் பற்றியோ நாம் பேசவில்லை. அவர்களுக்குப் பசிக்கும்போது கொடுக்க வேண்டியதுதான். இது நீண்ட நாள் வாடி, தசை கரைந்து, அல்லது கால் வீங்கி, நோயாளியாகவே ஆகிவிட்ட பிள்ளையைப் பற்றியது.

பெல்சன் முகாமில் நடந்தது

1945 ஆம் ஆண்டு ஏப்ரில் 15 ஆம் திகதி பிரித்தானியப் படையினர் வட ஜேர்மனியில் பேர்கன்-பெல்சன் என்ற நாசி வதைமுகாமுக்குள் நுழைந்தார்கள். உள்ளே ஏறத்தாழ 60,000 பேர் இருந்தார்கள். பெரும்பாலானோர் பட்டினியாலும் தைபசு காய்ச்சலாலும் நடக்கவும் இயலாத நிலையில் கிடந்தார்கள். கண்ட படையினர் மனம் பதைத்துத் தங்களிடம் இருந்ததைக் கொடுத்தார்கள். அவர்களிடம் இருந்தது படைவீரரின் சாப்பாடு: தகரத்தில் அடைத்த இறைச்சி, கொழுப்பு நிறைந்த குழம்பு. மாதக்கணக்கில் வெறும் வயிற்றோடு கிடந்தவர்கள் அதை அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்கள். முகாம் மீட்கப்பட்ட பிறகு 13,000 க்கு மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். காய்ச்சலால் இறந்தவர்கள் பலர். ஆனால் தாங்கமுடியாத உணவை உண்டதால் இறந்தவர்களும் அதில் இருந்தார்கள் என்பதை அங்கு நின்ற வைத்தியர்களே எழுதிவைத்தார்கள்.

பின்னர் உணவைத் திருத்த முயன்றார்கள். 1943 இல் வங்காளப் பஞ்சத்தின்போது பயன்பட்ட ஒரு கலவையை, பால்மா, மா, சீனி, உப்பு, தண்ணீர் சேர்த்துச் செய்தார்கள். வங்காளத்தில் பயன்பட்ட அது இங்கே அதிகம் எடுபடவில்லை. கிழக்கு ஐரோப்பிய மக்களுக்கு அந்த இனிப்பு ஒத்துவரவில்லை. பலர் வாயில் வைக்க மறுத்தார்கள். ஜனற் வோன் என்ற பெண் வைத்தியர், புரதத்தை உடைத்துத் தயாரித்த விசேட திரவங்களைக் குழாயாலும் ஊசியாலும் ஏற்றிப் பரீட்சிக்க அனுப்பப்பட்டிருந்தார். ஊசியைக் கண்ட நோயாளிகள் அலறினார்கள். முகாமில் ஊசி என்றால் என்ன என்பதை அவர்கள் வேறுவிதமாக அறிந்திருந்தார்கள். கடைசியில் ஆடை நீக்கிய பாலைச் சிறிது சிறிதாக, அடிக்கடி, வாயால் பருகக் கொடுப்பதே நல்லது என்று கண்டார்கள். ஏறத்தாழ நூறு வைத்திய மாணவர்கள் இலண்டனிலிருந்து வந்து, கொட்டில் கொட்டிலாகச் சென்று ஊட்டினார்கள்.

ஏன் அந்தப் பால் உதவியது, ஏன் இறைச்சிக் குழம்பு கெடுத்தது என்பது அன்று யாருக்கும் முழுமையாக விளங்கவில்லை. அங்கே இரத்தத்தில் பொசுபேற்றை அளந்து பார்த்தவர் இல்லை. 1970 களில், சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு நாளத்தினூடாகச் செறிந்த குளுக்கோசு ஏற்றும் முறை பரவியபோதுதான், மெலிந்த நோயாளிகள் ஓரிரு நாட்களில் வலிப்பு வந்தும் இதயம் தளர்ந்தும் விழுவதை வைத்தியர்கள் கண்டார்கள். இரத்தத்தைச் சோதித்தார்கள். பொசுபேற்று அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது.

உடலுக்குள் நடப்பது என்ன?

நெல் விதைக்கும்போது அடிக்கட்டுப் பசளையாக முச்சுப்பர் பொசுபேற்று இடுகிறோம். அது குறைந்தால் பயிர் கடும்பச்சையாகக் குறண்டி நிற்கும், மட்டம் வெடிக்காது. பயிருக்கு மட்டுமல்ல, உயிருள்ள எதற்கும் பொசுபரசு வேண்டும். மனித உடலிலுள்ள பொசுபரசில் நூற்றுக்கு 85 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி தசையிலும் மற்றக் கலங்களிலும் இருக்கிறது. இரத்தத்தோடு ஓடுவது நூற்றில் ஒரு பங்களவே.

அந்தச் சிறு பங்கை அலட்சியம் செய்ய முடியாது. நாம் உண்ணும் சோற்றின் சக்தியை உடலின் கலங்கள் நேரடியாகச் செலவழிப்பதில்லை. அதை முதலில் வேறொரு பொருளில் சேர்த்துவைத்து, வேண்டியபோது எடுத்துச் செலவழிக்கின்றன. அந்தப் பொருளுக்கு அடினோசின் முப்பொசுபேற்று என்று பெயர். பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிக்கும் உங்கள் பிள்ளையைக் கேட்டால் சொல்லும். பெயரிலேயே மூன்று பொசுபேற்று இருக்கிறது. இதயம் ஒருமுறை துடிப்பதற்கும், நெஞ்சு ஒருமுறை விரிவதற்கும் அது வேண்டும்.

பட்டினி கிடக்கும் பிள்ளையின் உடல் மிகவும் சிக்கனமாக நடக்கப் பழகிக்கொள்கிறது. மாப்பொருள் வராதபடியால் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து எரிக்கிறது. இன்சுலின் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். இதயம் மெல்லத் துடிக்கும், உடற்சூடு தாழும். கரைந்த தசையோடு பொசுபேற்றும் பொற்றாசியமும் மகனீசியமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடுகின்றன. வயிற்றோட்டம் இருந்தால் இழப்பு இன்னும் கூடும். ஆனால் இரத்தத்தில் மட்டும் அளவு அதிகம் மாறாமல் காட்டக்கூடும், கலங்கள் இழப்பதெல்லாம் இரத்தத்தின் வழியாகத்தானே போகிறது. ஆகவே வைத்தியசாலைக்கு வந்த அன்று எடுத்த இரத்தப் பரிசோதனை சரியாக இருந்ததென்று ஆறுதல் அடைய முடியாது.

இனி இந்தப் பிள்ளைக்கு ஒரு கோப்பை நிறையக் கஞ்சியும் சீனித் தேத்தண்ணியும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். குளுக்கோசு இரத்தத்தில் ஏறுகிறது. தூங்கிக்கிடந்த இன்சுலின் பெருகி எழுகிறது. கலங்களின் கதவைத் திறந்து குளுக்கோசை உள்ளே தள்ளுகிறது. குளுக்கோசை எரிப்பதற்கு முதற் படியே அதனோடு பொசுபேற்றைப் பிணைப்பதுதான். வாடிக்கிடந்த கலங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இரத்தத்திலிருந்து பொசுபேற்றை உறிஞ்சுகின்றன. பொற்றாசியமும் மகனீசியமும் அதே வழியில் போகின்றன. கோடைக்கடைசியில் குளத்தில் ஓரடி தண்ணீர் நிற்கும்போது எல்லாத் துருசுகளையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கிறது. வயலும் நனையாது, குளமும் வற்றிவிடும்.

இரத்தத்தில் பொசுபேற்று வற்றியதும் முதலில் களைப்பது இதயத் தசையும் மூச்சுத் தசையும். செங்குருதிக் கலங்கள் சுமந்துவந்த ஒட்சிசனை உடலுக்கு இறக்கிக் கொடுக்க இயலாமல் வைத்துக்கொண்டு திரிகின்றன. பிள்ளை துவண்டுபோகும். மூச்சு வேகமாகும், சிலவேளை வலிப்பு வரும். இது சாப்பாடு தொடங்கிய முதல் சில நாட்களுக்குள் நிகழ்கிறது. "நல்லாச் சாப்பிட்டதே, தேறிவிட்டது என்றல்லவா நினைத்தோம்" என்று பெற்றவர்கள் தலையில் அடித்துக்கொள்வது இதனால்தான். விற்றமின் பி1 குறைந்திருந்தால் ஆபத்து இரட்டிப்பாகும். அதுவும் மாப்பொருளை எரிக்கத் தேவையானது, அதுவும் தீட்டிய வெள்ளை அரிசியில் குறைவு.

கஞ்சியில் பொசுபரசு இல்லையா?

வாசகர் ஒருவர் கேட்கலாம்: நெல்லுக்கு இவ்வளவு பொசுபேற்றுப் பசளை இடுகிறோமே, அது அரிசிக்குள் போகவில்லையா? போகிறது. ஆனால் இரண்டு சங்கதி இருக்கிறது. நெல்மணியின் பொசுபரசில் பெரும்பகுதி தவிட்டில் இருக்கிறது. ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டும்போது அது மாட்டுத் தீனியாகப் போய்விடுகிறது. இரண்டாவது, தானியங்களும் பருப்பு வகைகளும் தமது பொசுபரசை முளைக்கும் வித்துக்காகப் பூட்டிவைத்திருக்கின்றன. பைற்றிக் அமிலம் என்ற அந்தப் பூட்டைத் திறக்கும் நொதியம் மனிதக் குடலில் போதியளவு இல்லை.

எப்பாவலப் பாறைப் பொசுபேற்றை நினைத்துப் பாருங்கள். 1971 இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தப் படிவில் பொசுபேற்று நிறைய உண்டு. தென்னைக்குப் போட்டால் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கரைந்து உதவும். மூன்றரை மாத நெல்லுக்குப் போட்டால் பயிர் எடுப்பதற்குள் அறுவடை வந்துவிடும். பொருள் இருக்கிறது, பயிருக்கு எட்டாது. பிள்ளையின் வயிற்றில் தானியத்தின் பொசுபரசும் பெருமளவு அப்படித்தான். பாலில் இருப்பது அப்படியல்ல. 100 மில்லிலீற்றர் பசுப்பாலில் 90 மில்லிகிராம் அளவில் பொசுபரசு இருக்கிறது, அது இலகுவாக உடலில் சேர்கிறது. தாய்ப்பாலில் அளவு மிகக் குறைவு. ஆயினும் அதில் இருப்பதைக் குழந்தையின் குடல் நன்றாக எடுத்துக்கொள்ளும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. ஆபிரிக்காவில் மலாவி நாட்டில், உடல் வீங்கிய மந்தபோசணைப் பிள்ளைகளை அவதானித்து 1998 இல் வெளியிட்ட ஆய்வில், இரத்தப் பொசுபேற்று மிகவும் தாழ்ந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகமாக இறந்தது தெரியவந்தது. உகண்டாவின் தலைநகர் கம்பாலாவில் உள்ள முலாகோ வைத்தியசாலையில் கடும் மந்தபோசணையோடு அனுமதிக்கப்பட்ட பிள்ளைகளின் இரத்தத்தை நாளுக்கு நாள் அளந்து 2016 இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் விசேட பாலுணவு கொடுக்கப்பட்டது. சில பிள்ளைகளுக்கு அதனோடு அரிசிக்கஞ்சியும் கொடுக்கப்பட்டது. கஞ்சி குடித்த பிள்ளைகளின் இரத்தத்தில் இரண்டாம் நாள் பொசுபேற்று மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. கஞ்சிதான் காரணம் என்று இதைக்கொண்டு மட்டும் அடித்துச் சொல்ல முடியாது. கஞ்சி பெற்றவை கூடிய நோயுள்ள பிள்ளைகளாகவும் இருந்திருக்கலாம். ஆனாலும் மேலே சொன்ன காரணங்களோடு அது பொருந்துகிறது.

கஞ்சியைப் பற்றி இப்படி எழுத எமக்கு மனம் வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2009 இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சிய கஞ்சி எத்தனை உயிர்களைப் பிடித்துவைத்தது என்பது அதைக் குடித்தவர்களுக்குத் தெரியும். வேறொன்றும் இல்லாத இடத்தில் கஞ்சிதான் உணவு, அதில் மறுபேச்சில்லை. பாலும் வைத்தியமும் கிடைக்கிற இடத்தில், சாகக்கிடக்கிற பிள்ளைக்கு அதை முதல் உணவாக நிறையக் கொடுக்கவேண்டாம் என்பதே நாம் சொல்வது.

வைத்தியசாலையில் ஏன் இவ்வளவு கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள்?

உலக சுகாதார நிறுவனம் 1999 இல் கடும் மந்தபோசணைக்கான வைத்தியக் கைந்நூலை வெளியிட்டது. அதன்படி முதல் நாட்களில் கொடுக்கும் பாலுணவுக்கு எவ் 75 என்று பெயர். 100 மில்லிலீற்றரில் 75 கலோரியும் ஒரு கிராமுக்கும் குறைவான புரதமும் மட்டுமே உண்டு. இது வேண்டுமென்றே மெலிதாக ஆக்கப்பட்டது. ஒரு லீற்றருக்கு 25 கிராம் ஆடைநீக்கிய பால்மா, அதனோடு சீனி, தானிய மா, எண்ணெய், கனியுப்புக் கலவை சேர்கின்றன. அந்தக் கனியுப்புக் கலவையில் பொற்றாசியம், மகனீசியம், நாகம், செம்பு எல்லாம் உண்டு. பொசுபேற்று இல்லை. பொசுபேற்று பாலிலிருந்தே வரவேண்டும் என்பது கணக்கு. பால்மாவைக் குறைத்து மாவைக் கூட்டுகிற கைவேலை இந்தக் கணக்கைக் குழப்பிவிடும்.

ஆறு கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுப்பது 65 மில்லிலீற்றர். தேத்தண்ணிக் கோப்பையில் பாதிகூட வராது. உடல் கடுமையாக வீங்கியிருந்தால் 50 மில்லிலீற்றர்தான். பகலில் மட்டுமல்ல, இரவிலும் கொடுக்கவேண்டும். நாளுக்குப் பன்னிரண்டு தடவை. "இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளைக்கு இந்தச் சொட்டுத்தானா?" என்று எந்தத் தாய்க்கும் கோபம் வரும். தாதி கவனிக்காமல் இருக்கிறார் என்று நினைத்து, சேலைத் தலைப்புக்குள் மறைத்து இரண்டு வாய் சோறு ஊட்டிவிடுகிறவர்களும் உண்டு. அது வன்மத்தாலோ அறியாமையாலோ செய்வதல்ல, பெற்ற வயிறு செய்விப்பது. குற்றம் காரணத்தைச் சொல்லாமல் விட்டவர்களுடையது.

இப்படி இரண்டு நாள் முதல் ஏழு நாள் வரை போகும். பசி திரும்பவும் வந்து, வீக்கம் வற்றத் தொடங்கிய பின்னரே செறிவு கூடிய எவ் 100 பாலுணவுக்கு மாற்றுவார்கள். அதையும் முதல் இரண்டு நாளும் பழைய அளவிலேயே கொடுத்துப் பார்த்து, மூச்சும் நாடித்துடிப்பும் கூடவில்லை என்று கண்டபின்தான் அளவைக் கூட்டுவார்கள். இரும்புச்சத்து மருந்து தொடக்கத்தில் கொடுப்பதில்லை. வீக்கத்துக்கென்று சிறுநீர் போகிற மருந்தும் கூடாது.

விஞ்ஞானிகள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எவ் 75 இல் உள்ள சீனியும் மாப்பொருளும்கூட அதிகமோ என்று சந்தேகித்து, அவற்றைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய ஒரு பாலுணவைக் கென்யாவிலும் மலாவியிலும் பரீட்சித்தார்கள். 2019 இல் முடிவு வெளிவந்தது. புதிய உணவைப் பெற்ற பிள்ளைகள் பழையதைப் பெற்றவர்களைவிட விரைவாகத் தேறவில்லை. ஆகவே கலவையை மாற்றுவதால் மட்டும் காரியம் முடியவில்லை. சிறுகச் சிறுக, அடிக்கடி, இரவு பகலாக என்ற பழைய விதி அப்படியே நிற்கிறது.

இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. 1996 இல் பிரான்சில் அந்திரே பிரியான் என்ற வைத்தியரும் மிசேல் லெசுகான் என்பவரும், கச்சான், பால்மா, எண்ணெய், சீனி, விற்றமின்கள் சேர்த்து, தண்ணீர் கலக்கத் தேவையில்லாத ஒரு பசையை உருவாக்கினார்கள். தண்ணீர் இல்லாததால் கிருமி பெருகாது. பையைக் கிழித்து அப்படியே கொடுக்கலாம். இத்தகைய உணவில் 100 கிராமுக்கு 300 முதல் 600 மில்லிகிராம் வரை பொசுபரசு இருக்கவேண்டும், அதுவும் பைற்றிக் அமிலத்தில் பூட்டப்பட்டதைக் கணக்கில் சேர்க்காமல் என்பது விதி. பசி உள்ள, காய்ச்சலோ வீக்கமோ போன்ற சிக்கல் இல்லாத பிள்ளையை வீட்டில் வைத்தே இதனால் தேற்றலாம் என்று 2007 இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகள் கூட்டாக அறிவித்தன. சாப்பிட மறுக்கிற பிள்ளைக்கு வைத்தியசாலைதான்.

எமது கிளினிக்குகளில் 1973 முதல் அறிமுகமான திரிபோசாவை இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. அது சோளமும் சோயாவும் சேர்ந்த நல்ல துணை உணவு. நிறை குறைந்த பிள்ளைக்கும் கர்ப்பிணித் தாய்க்கும் ஏற்றது. கால் வீங்கிச் சோர்ந்து கிடக்கிற பிள்ளையின் முதல் நாள் உணவு அல்ல. தகரத்தில் வரும் இனிப்புப் பாலும் அப்படியே. இன்றைய கானாவில் வேலை செய்த சிசிலி வில்லியம்சு என்ற வைத்தியர், அடுத்த குழந்தை பிறந்ததும் முலைப்பால் மறக்கடிக்கப்பட்ட மூத்த பிள்ளைக்கு வருகிற வீக்க நோயை 1933 இல் விபரித்து, அவ்வூர் மக்களின் சொல்லாலேயே குவாசியோக்கர் என்று 1935 இல் பெயரிட்டு எழுதினார். அவரே 1939 இல் சிங்கப்பூரில், கைக்குழந்தைகளுக்கு இனிப்புத் தகரப்பாலை விளம்பரம் செய்து விற்பது கொலைக்குச் சமம் என்று மேடையில் பேசினார். மூன்று ஆண்டுகள் கழித்து யப்பானியர் அவரைச் சிறைவைத்தபோது, அரிசிச் சோற்றில் பி1 இல்லாத குறையால் வரும் பெரிபெரி நோய் அவரையும் பிடித்தது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையின் இடது மேற்கையின் நடுச் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் அது கடும் மந்தபோசணை. அளவு நாடாவில் சிவப்பு நிறம் காட்டும். இரண்டு புறங்கால்களையும் பெருவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து நின்றால், கையின் அளவு எப்படியிருந்தாலும், பிள்ளையின் முகம் உப்பிக் கொழுகொழுவென்று தெரிந்தாலும், அதுவும் கடும் மந்தபோசணைதான். தராசு இங்கே ஏமாற்றும், நீரும் நிறைதானே. உடனே குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியசாலைக்கோ கொண்டுசெல்லுங்கள்.

போகும் வழியில் தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை தொடர்ந்து குடிக்கட்டும். பிள்ளையை நெஞ்சோடு அணைத்துப் போர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இப்படிப்பட்ட பிள்ளை குளிரிலும் இறந்துபோகும். நெடுந்தூரமானால், சீனி ஒரு தேக்கரண்டி நிறைய எடுத்து மூன்றரை மேசைக்கரண்டி கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, உணர்வுள்ள பிள்ளைக்குச் சிறிது சிறிதாகப் பருக்கலாம். சீனி ஆபத்து என்று மேலே சொல்லிவிட்டு இப்போது சீனியா என்று கேட்பீர்கள். நாம் எச்சரித்தது கோப்பைக் கணக்கை. இது கரண்டிக் கணக்கு. இரத்தத்தில் சீனி அடியோடு இறங்கினாலும் பிள்ளை பிழைக்காது.

பொசுபேற்றுத் தேவை என்று வாசித்துவிட்டு யாரும் பசளையைக் கரைத்துக் கொடுக்க நினைக்கமாட்டீர்கள் என்று நம்புகிறோம். இருந்தாலும் எழுதிவைக்கிறோம்: பசளை மனிதர் உண்பதற்கல்ல, அதில் நச்சு உலோகங்களும் கலந்திருக்கும். வைத்தியசாலையில் பொசுபேற்று மருந்து கொடுத்தாலும் அதை அளந்துதான் கொடுப்பார்கள்.

பிள்ளை தேறி வீட்டுக்கு வந்தபின் நிலைமை வேறு. அப்போது கஞ்சியும் நல்லது, நிறையவும் கொடுக்கலாம். பாலோ தயிரோ கிடைத்தால் சேருங்கள். முட்டை, இடித்த நெத்தலி, சிறு மீன் ஆகியவற்றில் பொசுபரசு எளிதாக உடலில் சேரும் வடிவில் இருக்கிறது. பயற்றையும் குரக்கனையும் ஊறவைத்து முளைகட்டி, காயவைத்து இடித்த மாவில் கஞ்சி காய்ச்சுவது எமது பெண்களுக்குப் புதிதல்ல. வித்து முளைக்கும்போது தன் பூட்டைத் தானே கொஞ்சம் திறந்துகொள்கிறது. ஆலையில் அரிசியை ஒரு தீட்டுக் குறைத்து எடுத்தால் பி1 உம் மிஞ்சும்.

வைத்தியசாலையில் நிற்கும் தாய்மாருக்கு ஒன்று. விடியப்புறம் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் வருகிற கோப்பைதான் தவறிப்போவது. தாய் களைத்துத் தூங்கியிருப்பார், விடுதியில் ஆட்கள் குறைவாக இருப்பார்கள். பக்கத்துக் கட்டிலில் உள்ள தாயோடு முறைவைத்து ஒருவரை ஒருவர் எழுப்பிக்கொள்ளுங்கள். படுத்தபடி ஊட்டாமல், மடியில் நிமிர்த்திவைத்துக் கோப்பையால் பருக்குங்கள். பிள்ளை குடிக்காமல் மிஞ்சினதைக் கொட்டிவிடாமல் தாதிக்குக் காட்டுங்கள். எவ்வளவு உள்ளே போனது என்று அவர் எழுதவேண்டும். அரைவாசியும் குடிக்கவில்லையென்றால் அன்றைக்கே மூக்குக் குழாய் போட்டு ஊட்டுவார்கள். குழாயைக் கண்டு பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள். பசி திரும்பினதும் அதைக் கழற்றிவிடுவார்கள்.